வாலாஜாபேட்டை ஒட்டுப் போர்வைக் கண்காட்சி: ஒரு நாள் ஒதுக்கிப் போகத்தக்கதா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கும் ஒரு குடும்பம்: கணவன், மனைவி, 70 வயதைத் தாண்டிய மாமியார், 12 வயது மகள், 7 வயது மகன். வாலாஜாபேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில், வரும் ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் தாங்களே தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள் என்று அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. மனைவிக்குப் போக ஆசை. "போர்வையைப் பார்க்க ஒரு நாளா?" என்கிறார் கணவர். பழந்துணியைப் போய் நாலு பேர் பார்க்கத் தொங்கவிடுவார்களா என்று மாமியாருக்கு மனக்குறை. பிள்ளைகள் அரை மணி நேரத்தில் சலித்துவிடுவார்களோ என்ற கவலை வேறு. அங்கே எதைப் பார்ப்பது, விலைக்கு வாங்கலாமா, வழியில் வேறு இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள், அம்மா. ஐந்து பேரும் போங்கள். யாரை வீட்டில் விட்டாலும் மாமியாரை விட்டுவிடாதீர்கள். அந்த மண்டபத்துக்குள் நுழைந்தபின் உங்கள் குடும்பத்தில் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார். பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இத்தகைய காட்சிகளுக்குப் போகும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன்: ஒரு போர்வையின் முன்னால் மற்றவர்கள் வண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வயதான பெண்கள் துணியைப் பார்க்கிறார்கள். "இது சுங்குடி. இது அந்தக் காலத்து வாயில். இது பூனம் புடவை, கட்டினால் வழுக்கிக்கொண்டே இருக்கும்" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். எந்தத் துண்டு எதிலிருந்து வந்தது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் போர்வை முழுதாகத் தெரியும்.

மாமியாரின் மனக்குறையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒட்டுப்போட்ட துணி என்றால் வறுமையின் அடையாளம். பழைய புடவைகளைத் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்குவோம். நைந்துபோனதைத் தூளி கட்டுவோம், பிள்ளைக்கு அடியில் விரிப்போம், கடைசியில் கரித்துணியாக்குவோம். விருந்தாளியின் கண்ணில் அதைக் காட்டமாட்டோம். நமக்குப் பாயும் ஜமக்காளமும் போதும் என்கிற வெயில் ஊர் இது. தடித்த போர்வை தைக்கும் தேவையும் பெரிதாக எழவில்லை. ஆனால் துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் கலை நம்மிடம் இல்லாமல் இல்லை. அது தேரில் இருக்கிறது. தேரின் ஓரங்களில் உருளையாகத் தொங்கும் தொம்பையை அவருக்கு நினைவூட்டுங்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் துணியை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்த யாளியும் தாமரையும் கிளியும் அதில் இருக்கும். சாமிக்குத் தைத்தால் அழகு, வீட்டுக்குத் தைத்தால் கந்தல் என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். ஏற்றுக்கொள்வார்.

மற்ற ஊர்களில் இந்த வேலை வீட்டுக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது. வங்காளத்துக் காந்தா, பழைய புடவைகளை அடுக்கிவைத்துத் தைப்பது. தையலுக்கான நூலையும் அந்தப் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வது பழைய வழக்கம். மராட்டியர் வீடுகளில் கோதடி, பீகாரில் சுஜனி, சிந்து, ராஜஸ்தான் பக்கம் ரல்லி. எனக்கு மிகவும் பிடித்தது கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் கவந்தி. அவர்கள் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள். மற்றவர்கள் துண்டுகளை இணைத்து முடித்தபின் தைப்பார்கள். சித்திப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றித் தைத்து, நடுவில் வந்து முடிக்கிறார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு உடுத்தாமல் நிற்பதுபோல. வாலாஜாபேட்டையில் யாராவது அந்த முறையைக் கற்றுக்கொண்டு தைத்திருக்கக்கூடும். மூலைகளைப் பார்க்க மறக்காதீர்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு செய்தி. சிற்றூரில் போர்வைக் காட்சி என்பது புதிய யோசனை அன்று. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் சிஸ்டர்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1975 முதல் அங்கே ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடைத்தெரு முழுக்கக் கட்டடங்களின் முகப்புகளில் போர்வைகளைத் தொங்கவிடுகிறார்கள். ஒரே நாள்தான். அந்த ஒரு நாளுக்காகக் குடும்பம் குடும்பமாக வெளியூர்களிலிருந்து வந்து சேர்கிறார்கள். அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்து முழங்கால் தேய்ந்த கால்சட்டைகளையும் பழைய சட்டைகளையும் வெட்டி, குளிருக்காகத் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களின் சுவர்களில் ஏறின. 2006-இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் வந்தன. வெளுத்த நீலத்துணியில் பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் அடர் நீலமாக நிற்கும். அந்தச் சதுரத்தை அவர்கள் மறைக்கவில்லை, அழகாக நடுவில் வைத்தார்கள்.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் சாயவேரும் படிகாரமும் கொண்டு சிவப்பேற்றி, மெழுகு பூசி நீலத்தில் தோய்த்து, கையால் எழுதிய சீட்டித் துணிகள் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயின. எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகாத துணியை அங்கே அதற்கு முன் அவ்வளவாகக் கண்டதில்லை. உள்ளூர் நெசவாளர்கள் எதிர்த்ததால் இங்கிலாந்து 1700-இல் அதன் இறக்குமதிக்கும் 1721-இல் அதை உடுத்துவதற்கும் தடை போட்டது. 1774-இல்தான் தடை நீங்கியது. கிடைப்பதற்கு அரிதான துணியை யார் தூக்கியெறிவார்கள்? கிழிந்த சீட்டியிலிருந்து பூவையும் பறவையையும் மட்டும் தனியே வெட்டி, வெறும் வெள்ளைத் துணியின்மேல் வைத்துத் தைத்துப் போர்வையாக்கினார்கள். பிறகு அமெரிக்கப் பெண்களும் அதே முறையில் தைத்தார்கள். நம் கடற்கரைத் துணியின் துண்டுகள் அந்நாட்டு அருங்காட்சியகப் போர்வைகளில் இன்றும் இருக்கின்றன. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபேட்டை, நெசவுக்கும் வணிகத்துக்கும் பேர்போன ஊராக இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் துணியைப் பார்க்கப் போவது பொருத்தம்தானே.

இனி மண்டபத்துக்குள் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

ஒட்டுப் போர்வை என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு அல்லது பழைய துணி, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ஓட்டுத் தையல், அதாவது ஊசி இறங்கி ஏறி நேராக ஓடும் சாதாரணத் தையல். நாலாபுறமும் ஓரப்பட்டை வைத்து மூடுவார்கள். இதில் முகத்துணியின் வேலை ஒன்று, ஓட்டுத் தையலின் வேலை வேறு. பலர் முகத்துணியின் வண்ணத்தோடு நின்றுவிடுகிறார்கள். முதலில் பத்தடி தள்ளி நின்று முழுவதையும் பாருங்கள்; தைத்தவள் எங்கே இருட்டையும் எங்கே வெளிச்சத்தையும் வைத்தாள் என்பது தூரத்தில்தான் தெரியும். பிறகு ஓரடி தூரத்துக்கு வந்து, பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஜன்னல் பக்கம் தொங்கும் போர்வைகளைக் காலை வெயிலிலேயே பார்த்துவிடுவது நல்லது. சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் தையல் ஓடிய பள்ளமும் இடையில் பஞ்சு எழும்பிய மேடும் தெரியும். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். அதனால்தான் பத்து மணிக்கே போய்ச் சேருங்கள் என்கிறேன்.

அருகில் வந்தபின் மூன்று இடங்களைக் கவனியுங்கள். நான்கு துண்டுகள் கூடும் புள்ளியில் முனைகள் சரியாகச் சந்திக்கின்றனவா? கால் அங்குலத் தையல் விளிம்பில் ஒரு நூலளவு தவறினாலும் பத்தாவது துண்டில் அது பெரிய விலகலாகத் தெரியும். அடுத்து ஓரப்பட்டை: உள்ளே காலியாகத் தொங்காமல் கடைசிவரை நிறைந்திருக்க வேண்டும், மூலை மடிப்பு கூர்மையாக இருக்க வேண்டும். மூன்றாவது, தொங்கும்போது போர்வையின் கீழ் விளிம்பு நேராக நிற்கிறதா, அலை அலையாக நெளிகிறதா என்பது. தேர்ந்த கை ஓர் அங்குலத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு தையல் வரை போடும். ஆனால் எண்ணிக்கையைவிடச் சீர் முக்கியம். அங்குலத்துக்கு ஐந்தே தையல் போட்டாலும் எல்லாம் ஒரே நீளத்தில் விழுந்திருந்தால் அது நல்ல வேலை. மெஷினில் தைத்தது தாழ்ந்தது என்ற எண்ணமும் வேண்டாம். மூன்றடுக்குத் துணியைச் சுருக்கம் விழாமல் மெஷின் ஊசியின் கீழ் நகர்த்துவது எவ்வளவு கடினம் என்று கால்மெஷின் மிதித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

"போர்வையைப் பார்க்க ஒரு நாளா?" என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறேன். உங்கள் மகளிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள ஒற்றைக் கட்டில் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் அங்குலத்துக்கு ஒரு வரி வீதம் ஓட்டுத் தையல் போட்டால் 60 வரி. ஒவ்வொன்றும் 90 அங்குலம். மொத்தம் 5,400 அங்குலம், ஏறக்குறைய 137 மீட்டர். அங்குலத்துக்கு ஆறு தையல் என்றால் 32,400 முறை ஊசி இறங்கி ஏறியிருக்கிறது. இது மூன்றடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் வேலை மட்டும். முகத்துணியை ஆறு அங்குலக் கட்டங்களாகப் பிரித்தால் 150 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்பது துண்டுகள் என்றால் 1,350 துண்டுகளை அளந்து, வெட்டி, இணைத்திருக்கிறார்கள். சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டு, மீந்த நேரத்தில் செய்த வேலை இது. அதன் முன்னால் நிற்க ஒரு முற்பகலை ஒதுக்குவது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மகளுக்கு இதில் கணிதம் நிறையக் கிடைக்கும். சதுரத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணம், அத்தகைய முக்கோணங்களை ஒரு விதமாகத் திருப்பி வைத்தால் காற்றாடி, இன்னொரு விதமாக வைத்தால் நட்சத்திரம். நடுவில் ஒரு சதுரத்தை வைத்து அதைச் சுற்றிப் பட்டைகளை அடுக்கிக்கொண்டு போகும் ஒரு பழைய அமெரிக்க வடிவம் உண்டு. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசை என்று அதற்குப் பெயர். நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது வழக்கம், அது வீட்டின் அடுப்பு. ஒரு பக்கத்துப் பட்டைகள் வெளிர், மறுபக்கம் அடர்வண்ணம். கட்டங்களைத் திருப்பி வைப்பதிலேயே சாய்கோடும் வைரமும் ஏர் உழுத சாலும் வந்துவிடும். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் அவள் கையில் கொடுங்கள். பிடித்த ஒரு கட்டத்தை மட்டும் வரைந்துகொண்டு வரட்டும். கைபேசியில் நூறு படம் எடுப்பதைவிட ஒரு கட்டத்தை வரைவதில்தான் அது எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று புரியும்.

7 வயதுப் பையனுக்குத் தேடும் வேலை கொடுங்கள். பள்ளிச் சீருடைத் துணி எந்தப் போர்வையில் ஒளிந்திருக்கிறது? தாத்தாவின் குடியாத்தம் லுங்கிக் கட்டம் எங்கே இருக்கிறது? புடவைக் கரை வரும் துண்டு எத்தனை? யாராவது வேண்டுமென்றே ஒரு துண்டைத் தலைகீழாக வைத்திருக்கிறார்களா? ஒரு மணி நேரம் தாராளமாக ஓடும். அதற்குமேல் அவனைப் பிடித்துவைக்க வேண்டாம். வெளியே ஓடி விளையாடட்டும், யாராவது ஒருவர் கூட இருங்கள்.

தொடக்கூடாது என்பதை மட்டும் வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். அமெரிக்கக் காட்சிகளில் வெள்ளைக் கையுறை அணிந்த ஒருவர் அருகில் நிற்பார். பின்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்தான் திருப்பிக் காட்டுவார். இங்கே கையுறை இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. நூறு பேர் தொட்டால் வியர்வையும் எண்ணெயும் துணியில் ஏறிவிடும். தலையில் வைத்த மல்லிகை உரசினால்கூட வெளிர் துணியில் கறை விழும். கைப்பையின் ஜிப் நூலை இழுத்துவிடும். பின்பக்கம் பார்க்க ஆசைப்பட்டால் தைத்தவரையே கேளுங்கள், மகிழ்ச்சியோடு திருப்பிக் காட்டுவார். தையல்காரியின் கையெழுத்து பின்பக்கத்தில்தான் இருக்கிறது. முடிச்சை எங்கே மறைத்தாள், நூல் தீர்ந்த இடத்தில் எப்படித் தொடர்ந்தாள் என்பதெல்லாம் அங்கே தெரியும். படம் எடுக்கவும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

ஒருவேளை, இறந்துபோன தாயின் புடவைகளில் தைத்தது என்று எழுதிவைத்த போர்வை ஒன்று அங்கே இருக்கலாம். அதன் முன்னால் பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் மகளுக்குப் புரியும் வயதுதான். அவளுக்கு ஒன்று சொல்லலாம். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் பெரிய புல்வெளியில் ஒரு போர்வையை விரித்தார்கள். எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக உறவினரும் நண்பர்களும் தைத்த 1,920 பலகங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், ஆறடி நீளம். ஒரு புதைகுழியின் அளவு. அந்த நோயின் பெயரைச் சொல்லவே ஊர் கூசிய காலத்தில், இறந்தவரின் பெயரைத் துணியில் தைத்துத் திறந்த வெளியில் வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1986-இல், இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதை முதலில் காட்டிய இரத்தப் பரிசோதனை நடந்தது நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். சென்னையில் எடுத்த மாதிரிகளை இங்கே கொண்டுவந்துதான் சோதித்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால், போர்வை என்பது குளிருக்கு மட்டும் இல்லை என்று அவளுக்கு விளங்கும்.

வாங்குவது பற்றி. விலையைக் கேட்டதும் கடையில் கிடைக்கும் ஜெய்ப்பூர் ரஜாயோடு ஒப்பிடாதீர்கள். கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஒட்டுத்துணி போன்ற தோற்றம் துணியில் அச்சடித்தது. கண்டுபிடிக்க எளிய வழி: இழை ஓடும் திசையைப் பாருங்கள். உண்மையான ஒட்டில் துண்டுக்குத் துண்டு இழையின் திசையும் நெருக்கமும் மாறும். அச்சில் முழுத் துணிக்கும் ஒரே இழை ஓடும். மேலே சொன்ன 32,400 தையலை மனத்தில் வைத்துக்கொண்டு விலையை யோசியுங்கள். பெரிய போர்வைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் பேரம் பேசி அவரைச் சங்கடப்படுத்துவதைவிடச் சின்னதாக ஒன்று வாங்குங்கள்: தலையணை உறை, சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, கைக்குழந்தை விரிப்பு. நம் வெயிலுக்கு நடுவில் பஞ்சு வைக்காமல், பழைய பருத்தித் துணியை அடுக்கித் தைத்ததே தோதானது. குழந்தைக்கு வாங்குவதாக இருந்தால் சரிகைத் துண்டு இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள், தோலில் உறுத்தும்.

வாங்குமுன் சாயம் போகுமா என்று கேளுங்கள். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் தொல்லை கொடுப்பவை. ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதையும் அவரிடமே செய்து காட்டச் சொல்லுங்கள். வீட்டில் துவைத்தால் பிழியாமல், கொடியில் தொங்கவிடாமல், பாய்மேல் விரித்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தின் கனம் முழுவதும் தையல்மேல் விழுந்தால் நூல் அறுந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் அடைத்துவைக்காதீர்கள். பழைய வேட்டியில் சுற்றி, உடன் வசம்பு போட்டு வைத்தால் போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள், இல்லாவிட்டால் மடிந்த கோட்டிலேயே துணி இற்றுப்போகும்.

பயணம் பெரிய விஷயம் இல்லை. வேலூரிலிருந்து வாலாஜாபேட்டை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சென்னைச் சாலையில் ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் ஊர் வந்துவிடும். பஸ்ஸிலும் சிரமம் இல்லை. பையன் ரயிலில் போக ஆசைப்பட்டால் காட்பாடியிலிருந்து வாலாஜா ரோடு நிலையத்துக்குப் போகலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த நிலையம் அது. ஆனால் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஆட்டோ பிடிக்க வேண்டும். மாமியாரை நினைத்தால் கார் அல்லது பஸ்ஸே மேல். மண்டபத்தில் அவர் அவ்வப்போது உட்கார நாற்காலி கேட்டு வாங்கிக்கொடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள்.

வழியில் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ரத்தினகிரி முருகன், சோளிங்கர் நரசிம்மர், காவேரிப்பாக்கம் ஏரி என்று பட்டியல் போட்டால் போர்வைக் காட்சி கால்மணி நேரத்தில் முடிந்துவிடும், மாமியாருக்கு முழங்கால் வலிதான் மிஞ்சும். கோயிலுக்குத் தனியாக ஒரு நாள் போய்க்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பும் வழியில் ஓர் இடம் போதும்: ஆற்காட்டில் பாலாற்றங்கரை டெல்லி கேட். நவாபின் கோட்டையில் மிஞ்சி நிற்கும் வாயில் அது. 1751-இல் ராபர்ட் கிளைவ் ஏறக்குறைய 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்றது அந்தக் கோட்டையில்தான். உங்கள் கணவருக்குப் பிடிக்கும். அப்படியே ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே முந்திரி, பாதாம் போன்ற பருப்பு வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைத்த அந்த இனிப்பை ஆற்காட்டில் தின்பதுபோல வேறு ஊரில் கிடைப்பதில்லை. சாப்பிட்ட கையோடு வாங்கிய தலையணை உறையை மட்டும் எடுத்துப் பார்க்காதீர்கள்.

மகள் வீட்டுக்கு வந்ததும் தானும் தைக்க வேண்டும் என்பாள். அதற்குப் புதிதாகத் துணி வாங்க ஓட வேண்டியதில்லை. கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் போய் வாங்கிவந்த ரவிக்கைத் துண்டுகள் உங்கள் பீரோவில் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் பருத்தி எது என்று மாமியார் விரலால் தொட்டே சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பெரியவர்கள் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகி மணிபோல இறுகும். அடர்நிறத்தில் ஒன்றும் வெளிர்நிறத்தில் ஒன்றும் போதும். முதலில் இரண்டையும் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுவிடுங்கள்; சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். பிறகு இரண்டரை அங்குலச் சதுரங்களாக வெட்டச் சொல்லுங்கள். நாலாபுறமும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் இரண்டு அங்குலம் நிற்கும். ஐந்து அடர், நான்கு வெளிர் என்று ஒன்பது சதுரம் சேர்ந்தால் ஆறு அங்குலக் கட்டம் ஒன்று. அப்படிப் பதினாறு கட்டம் தைத்தால் 24 அங்குல முகத்துணி வந்துவிடும். அதற்கு 80 அடர் சதுரமும் 64 வெளிர் சதுரமும் வேண்டும். 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துண்டு ஒன்றில், துணி 36 அங்குல அகலம் இருந்தால், 168 சதுரம் வரை வெட்டலாம். நடுவில் ஒரு பழைய துண்டு, அடியில் மாமியாரின் பழைய வாயில் புடவை. விளிம்பில் தொடங்காமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு வந்தால் சுருக்கம் விழாது.